தேவசகாயத்தின் பாதி

வாங்க தம்பி. அந்த மருந்து டின்னை வாசல்லயே வச்சிடுங்க, இப்போதைக்கு உள்ள வேணாம். உட்காருங்க. அதுல இல்ல. அதுலயும் இல்ல. ஐயோ, மெதுவா, அது நூத்தம்பது வருஷத்துப் பொருளு. சோபா முழுக்கக் கம்பளம். நாற்காலி நாலுலயும் கம்பளம். நான் எங்க உட்காருவேன்னு பாக்கறீங்களா? அந்த அரிசி டின்னு மேலதான். பழகிப்போச்சு. இங்க யாரு வர்றா? கேஸ் சிலிண்டர்காரர் வாசலோட போயிடுவாரு. பால்காரர் கேட்டோட போயிடுவாரு. இருங்க, இந்த ஒண்ணை எடுத்துடறேன். மடிக்கக் கூடாது இதை, சுருட்டணும். ஆங், இப்ப உட்காருங்க.

பேரு என்ன? போஜனா? அப்ப படுகர். உங்க ஊரு எந்த ஹட்டி? சரி சரி, தெரியும், பஸ்ஸுல போயிருக்கேன். வயசு நாப்பது இருக்குமா? நாப்பத்து மூணா. குன்னூர் முழுக்க நீங்கதான் அந்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கறதா சொன்னாங்க. அடிங்க, வேணாங்கல. ஆனா எது மேல அடிக்கலாம், எது கிட்டயே போகக் கூடாதுன்னு நான் சொல்லணும். அதைச் சொல்லணும்னா முழுக்கச் சொல்லணும். உங்களுக்கு அடுத்த வீடு எத்தனை மணிக்கு? ரெண்டு மணிக்கா. அப்ப நேரம் கெடக்கு.

இது தரையில விரிக்கற கம்பளம் இல்ல, முதல்ல அதைத் தெரிஞ்சுக்கங்க. சீனாக்காரன் குதிரைக்குன்னு நெய்ஞ்சது. சேணக் கம்பளம். குதிரை முதுகுல இதைப் போட்டு, இதும்மேல சேணத்தை வச்சுக் கட்டுவாங்க. ரெண்டு பக்கமும் தொங்கும். பெரிய வியாபாரிங்க, அதிகாரிங்க, அவங்க குதிரைக்குத்தான் இதெல்லாம். இந்த ஓட்டை பாருங்க, சுத்தி தோல் வச்சுத் தைச்சிருக்கு, இது வழியாத்தான் சேணத்து வார் போகும். பூச்சி ஓட்டை இல்ல. எல்லாரும் பூச்சி ஓட்டைன்னுதான் நினைக்கறாங்க.

என்கிட்ட பதினொண்ணு இருக்கு. பத்து முழுசு. பதினொண்ணாவது பாதி. பாதியா இருந்துச்சு. போன வாரம் மிச்ச பாதியும் வந்து சேர்ந்துடுச்சு. நாப்பத்தஞ்சு வருஷமா என் கைக்கு வராத பாதி தம்பி. கடைசியில ஜெயிச்சது நான்தான்.

யாரை ஜெயிச்சேன்னா, தேவசகாயத்தை.

நான் ராணுவத்துல லாடம் அடிக்கற வேலை. வேலூர் பக்கத்துல பொய்கைதான் நமக்கு ஊரு. தேவசகாயம் தக்கலைக்காரன், கன்னியாகுமரி ஜில்லா. அவன் சேணம் தைக்கிறவன். லடாக்குல எங்க யூனிட்டு. துப்பாக்கி பிடிச்சு சண்டை போட்டோம்னு நினைச்சுக்காதீங்க. எங்களுக்கு கோவேறு கழுதைதான் எல்லாம். மேல இருக்கற காவல் முகாமுக்கெல்லாம் அரிசி, மண்ணெண்ணெய் தூக்கிட்டுப் போற கழுதைங்க. காலுக்கு நான், முதுகுக்கு அவன். யூனிட்ல அப்படித்தான் சொல்லுவாங்க.

குளிர்காலத்துல பாதை மூடிடும். அப்பதான் சேணம் பழுது பாக்கற வேலை. மரத்துல குதிரை முதுகு மாதிரி ஒண்ணு பண்ணி வச்சிருந்தான் அவன். ஆளு உசரம். சேணத்தை அதும்மேல போட்டா இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். நடுவுல கம்பளி திணிச்ச மெத்தை, இந்த மொத்தத்துக்கு. ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. அவன் அந்தப் பக்கத்துலேருந்து ஊசியைக் குத்துவான், நான் இந்தப் பக்கம் வாங்கி, இழுத்து, திருப்பிக் குத்தி அனுப்பணும். ஊசி எங்க வரும்னு தெரியாது, உள்ளங்கையில ஏறிடும். ரெண்டு தடவை ஏறியிருக்கு, இங்க பாருங்க. அதனால ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். அவன் மரத்துல ரெண்டு தட்டு தட்டினா ஊசி வருதுன்னு அர்த்தம். நான் வாங்கினதும் ஒரு தட்டு தட்டணும். அப்பதான் அவன் அடுத்ததுக்குப் போவான். வெளிய பனி கொட்டிக்கிட்டு இருக்கும். உள்ள டக் டக்குன்னு அவன், டக்குன்னு நான். மூணு குளிர்காலம் இதே வேலை. சில நாள் காலையிலேருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அன்னைக்கு ரொம்பப் பேசின மாதிரி இருக்கும்.

லே ஊருல செரிங்னு ஒரு பெரியவரு. அவரோட தாத்தா மலை தாண்டி சீனாப் பக்கம், யார்க்கந்துக்கு குதிரையில சரக்கு கொண்டு போன வியாபாரி. தாத்தா குதிரை இருபது வச்சிருந்தாராம், இவருகிட்ட ஒரு மட்டக்குதிரைதான் மிச்சம். அது நொண்டிச்சு. யாரோ லாட ஆணியைத் தப்பா இறக்கிட்டாங்க. நான் பிடுங்கிட்டு, புண்ணு ஆறற வரை பத்து நாள் போய்ப் பாத்து, புது லாடம் அடிச்சேன். தேவா அதோட சேணத்தைப் பிரிச்சு முழுசாத் தைச்சுக் குடுத்தான். காசு வேணாம்னுட்டோம். அவரு உள்ள போய் ஒரு மூட்டையை எடுத்துட்டு வந்து விரிச்சாரு.

தம்பி, நான் அதுவரைக்கும் கம்பளத்தை ஒரு பொருளா மதிச்சதே இல்ல. நல்ல நீலம், மழை வர்றதுக்கு முன்னாடி மலை இருக்கும் பாருங்க, அந்த நீலம். பக்கத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு மான், முன்னங்கால் ஒண்ணைத் தூக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. தரையில விரிச்சா ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு, ஒண்ணு தலைகீழாத் தெரியும். குதிரை மேல போட்டாத்தான் ரெண்டும் நேரா நிக்கும். ஆனா அப்ப ஒண்ணை ஒண்ணு பாக்க முடியாது, நடுவுல குதிரை இருக்கே. அந்தப் பெரியவரு ரெண்டு விரலைக் காட்டி, உங்க ரெண்டு பேருக்கும்னாரு. அதோட வினை ஆரம்பிச்சுது.

ரெண்டு பேருக்கும்னா யாரு பெட்டியில வைக்கறது? ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தோம். அப்புறம் ஒரு நாள் தேவா அதைப் புரட்டிப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டான்.

"லேய் லாடக்காரா, இங்க வா. இது ஒண்ணு இல்ல கேட்டியா, ரெண்டு. நடுவுல தையல் கெடக்கு பாரு."

ஆமா. நல்ல சேணக் கம்பளம் எல்லாமே ரெண்டு பாதியா நெய்ஞ்சு நடுவுல தைச்சதுதான். ஏன்னு கேளுங்க. கம்பளத்துல முடி ஒரு பக்கமாத்தான் படியும், பூனை முதுகு மாதிரி. ஒரே துண்டா நெய்ஞ்சா, குதிரையோட ஒரு பக்கம் முடி கீழ பாத்துப் படியும், மறுபக்கம் மேல பாத்து நிக்கும். மழைத் தண்ணி தங்கும், ஏறி உட்கார்றவன் கால் சிக்கும். ரெண்டா நெய்ஞ்சு முதுகுத் தண்டுல சேத்துத் தைச்சா ரெண்டு பக்கமும் கீழ பாத்துப் படியும். இது தெரிஞ்சவன் கையால தடவியே சொல்லிடுவான், கண்ணு வேணாம். தேவா அப்படிச் சொல்லுவான்.

அவன் அந்தத் தையலை அறுக்கல தம்பி. குதிரை வால் முடியைத் திரிச்ச நூலு. ஊசி முனையால நெம்பி நெம்பி ஒவ்வொரு தையலா உருவினான். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க. உருவின நூலை ஒரு தீப்பெட்டி மேல சுத்தி வச்சுக்கிட்டான். எதுக்குடா அந்தக் குப்பைன்னேன். "தேவப்படும்"னான். அப்புறம் ஒப்பந்தம் போட்டோம். "இது எனக்க பாதி, அது ஒனக்க பாதி. யாரு முதல்ல போறானோ அவனுக்க பாதி மத்தவனுக்கு. அப்ப தைச்சுக்கிடலாம். அதுவரைக்கும் ரெண்டாத்தான் கெடக்கணும்." நான் சரின்னேன். அப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு. எழுவது வயசுல போறவனைப் பத்தி யாரு நினைக்கறா? கை குடுத்துக்கிட்டோம்.

அதுக்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சு. லீவுல ஊருக்கு வர்ற வழியில டெல்லி, அமிர்தசரஸ், ஒரு தடவை காலிம்பாங் வரைக்கும் போய்த் தேடினேன். சேணக் கம்பளம் இருக்கான்னு கேட்டா என்னை ஒரு மாதிரியாப் பாப்பாங்க. ஒண்ணு ரெண்டுன்னு சேந்து பத்தாச்சு. இதோ, நீங்க சாஞ்சிருக்கீங்களே, அது புலித்தோல் மாதிரி நெய்ஞ்சது. சாயாதீங்க. தேவா அந்த ஒரு பாதியோட நிறுத்திக்கிட்டான். அவனுக்கு அது போதுமாம். அவன் ஒரு சேகரிப்பாளனே இல்ல, அதை நான் அவன்கிட்டயே சொல்லியிருக்கேன்.

பென்ஷன் வந்ததும் நான் இங்க வந்துட்டேன், குதிரைக்கு லாடம் அடிக்க ஒரு கிளப்புல கூப்பிட்டாங்க. என் வீட்டம்மா வசந்தாவுக்கும் இந்தக் குளிர் ஒத்துக்கிச்சு. பிள்ளைங்க இல்ல. பதினொரு வருஷம் ஆச்சு வசந்தா போய். தேவா தக்கலையிலேருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தான். பதினாறு நாள் இருந்தான். கஞ்சி வச்சு, பயறு வேக வச்சு, துவையல் அரைச்சு, "சாப்பிடுலே"ன்னு உட்கார வச்சுப் போட்டான். இந்தக் கம்பளத்தை எல்லாம் தூக்கிட்டுப் போய் அந்தத் தேயிலைச் செடிங்க மேல விரிச்சு வெயில் காட்டினான். ஒவ்வொண்ணையும் திருப்பிப் போட்டுத் தட்டினான். அந்தப் பதினாறு நாளும் நாற்காலி எல்லாம் காலியாத்தான் இருந்துச்சு. அதுல உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், ரெண்டு பேரும்.

அப்படி இருந்தவன் என்ன பண்ணான் கேளுங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு இங்க ஒரு கிளப்புல பழம்பொருள் கண்காட்சி. அதை நடத்தின அம்மா என் வீட்டுக்கே வந்து பாத்தாங்க. மான் கம்பளத்தைப் பாத்துட்டு, அடடா, பாதிதானா, முழுசா இருந்தா கூடத்து நடுவுல வைக்கலாமேன்னாங்க. நடுவுல தம்பி! கர்னலு, பிரிகேடியரு எல்லாரும் வர்ற இடத்துல, லாடம் அடிக்கறவனோட கம்பளம் நடுவுல.

தேவாகிட்ட கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தா மூணு நாளைக்குக் குடுத்திருப்பான். ஆனா கேக்கணுமே. அதுவும் ஒப்பந்தப்படி தைக்கக் கூடாது. டெல்லியில எனக்குத் தெரிஞ்ச ஒரு வியாபாரிகிட்ட ஒரு பாதி கெடந்துச்சு. அதுலயும் நீலம், அதுலயும் ஒரு மான். கிட்டப் போய்ப் பாத்தா கொஞ்சம் ஆடு மாதிரி இருக்கும், தூரத்துல மான்தான். வரவழைச்சேன். கிளப்புல கடிவாளம் தைக்கற ஆளைப் பிடிச்சு என் பாதியோட சேத்துத் தைச்சுட்டேன். பாதி ஒட்டினா முழுசு. அப்படித்தான் நினைச்சேன். என் பாதியை என் இஷ்டத்துக்கு நான் தைக்கறேன், இதுல யாருக்கு என்ன?

அதுல ஒரு சின்ன விஷயம் இருந்துச்சு. டெல்லிப் பாதி ஒரே துண்டா நெய்ஞ்ச கம்பளத்துலேருந்து வெட்டினது. முடி மேல பாத்துப் படியும். எனக்குத் தெரியும். தெரியாம இருக்குமா? ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கறதை யாரு தடவப் போறா?

பெருமையில தேவாவுக்கும் ஒரு கடுதாசி போட்டேன். நம்ம மான் கம்பளத்தைக் கண்காட்சியில நடுவுல வைக்கறாங்க, வந்து பாருன்னு. வந்தான். அவ்வளவு தூரத்துலேருந்து, மூணு பஸ் மாறி. தோள்ல அந்தப் பழைய பச்சைக் கான்வாஸ் பை. பெருசா உப்பிக்கிட்டு இருந்துச்சு. நேந்திரங்காய் வத்தல் கொண்டு வந்திருக்கான்னு நினைச்சேன், எப்பவும் கொண்டு வருவான். பெட்டியை இன்னும் மூடல. கூட்டம் நிக்குது. அவன் செருப்பைக் கழட்டிட்டு வந்து பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் கையை உள்ள விட்டு இப்படி, நடுத் தையல்லேருந்து கீழ, ஒரு தடவு. அந்தப் பக்கம் ஒரு தடவு.

"லேய், இந்தப் பக்கம் முடி மேலயில்லா போவுது. இது எந்தக் குதிரைக்கு?"

எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. அந்த அம்மாவும் சிரிச்சாங்க. என்னைப் பாத்து, இவரு யாருன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், யூனிட்ல சேணம் தைக்கற ஆளா இருந்தாரு, தெரிஞ்சவருன்னு. உண்மைதானே? சேணம் தைக்கிறவன்தானே? தெரிஞ்சவன்தானே? நான் வேற என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

அவன் செருப்பை மாட்டிக்கிட்டான். பையைத் தோள்ல ஏத்திக்கிட்டான். "வாறேன்"னான். அவ்வளவுதான். வீட்டுக்கு வருவான்னு ரெண்டு பேருக்குச் சோறு வடிச்சு வச்சிருந்தேன். வரல. விசாரிச்சா, அடுத்த பஸ்லயே மலை இறங்கிப் போயிட்டானாம். பையைத் திறக்கக்கூட இல்ல. நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டு, வத்தலையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

என்ன கேட்டீங்க? பையில வத்தல்தான் இருந்துச்சா? ஆமா, வேற என்ன இருக்கும்? குறுக்க பேசாதீங்க, சொல்லிக்கிட்டு வரேன் இல்ல.

ஒன்பது வருஷம் பேச்சு இல்ல. அவனாத்தான் மன்னிப்புக் கேக்கணும்னு நான் இருந்துட்டேன். கேட்டானா? மாட்டான். ஆனா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். உள்ள என்ன எழுதியிருப்பான்னு நினைக்கறீங்க? நல்லா இருக்கியான்னா? இல்ல. "பூச்சி பாத்துக்கோ. கண்ணாடியத் தொறந்து வெயில் காட்டு." அதே ரெண்டு வரி. ஒன்பது கார்டு, ஒன்பதுலயும் அதே. என்ன குத்தல் பாருங்க. அந்தப் பாதி போலின்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தறான். நீ சொல்லி நான் திறக்கணுமான்னு, அந்தப் பெட்டியை இதோ இந்தச் சுவத்துல மாட்டினது மாட்டினபடி விட்டுட்டேன். மத்த பத்தையும் எடுத்து நாற்காலி மேலயே போட்டேன். யார் வந்து உட்காரப் போறான்னுதான்.

பதிலா? நான் எதுக்குப் போடணும்? தப்பு பண்ணது அவன்.

போன வாரம் பார்சல் வந்துச்சு. அதே பச்சைப் பை, வாயைத் தைச்சு, மேல துணி சுத்தி. கூட அவன் பொண்ணு ஷைனி எழுதின கடுதாசி. படிக்கறேன் கேளுங்க. "ஏகாம்பரம் மாமாவுக்கு. அப்பா போன மாதம் ஒன்பதாம் தேதி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். ஆறு மாதமாகப் படுக்கைதான். ஒப்பந்தப்படி இதை உங்களுக்கு அனுப்பச் சொன்னார். கண்ணாடியைத் திறந்து வெயில் காட்டவும் சொல்லச் சொன்னார்."

படிச்சதும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? முழுசும் எனக்கு வந்துடுச்சுன்னு. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் தோணுச்சு. அப்புறம்தான் கோபம். ஆறு மாசம் படுத்திருந்தவன் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கார்டுல இடம் இருந்துச்சே. பூச்சியைப் பத்தி எழுதத் தெரிஞ்சுச்சு, உடம்பைப் பத்தி எழுதத் தெரியலையா?

அவன் பாதியைப் பிரிச்சேன். உள்ள வேப்பிலை, புகையிலை, மிளகு. தக்கலைப் பக்கம் என்ன ஈரம்னு உங்களுக்குத் தெரியாது, சுவத்துல பாசி பிடிக்கற ஊரு. அதுல நாப்பத்தஞ்சு வருஷம் இருந்திருக்கு, ஒரு முடி உதிரல தம்பி. அந்த மான் செரிங் வீட்டுல பாத்த மாதிரியே காலைத் தூக்கிட்டு நிக்குது. சரி, என் பாதியை எடுத்துப் பக்கத்துல வைப்போம்னு அந்தக் கண்ணாடிப் பெட்டியை இறக்கினேன். ஒன்பது வருஷத்துல முதல் தடவையாத் திறந்தேன்.

தூக்கினதும் பொலபொலன்னு கொட்டுச்சு. தவிடு மாதிரி. அதுக்குள்ள வெள்ளைப் புழு. டெல்லிப் பாதியிலதான் முட்டை இருந்திருக்கு, அதைத் தின்னு முடிச்சுட்டு நடுத் தையலைத் தாண்டி என் பாதிக்கு வந்திருக்கு. நீங்க உள்ள போய்ப் பாக்கத்தான் போறீங்க. அடி நூல் பருத்தி, பூச்சி பருத்தியைத் தொடாது. அதனால துணி இருக்கு. கம்பளிதான் இல்ல. என் மான் இல்ல தம்பி. மான் நின்ன இடத்துல மொட்டைத் துணி, வட்டத்துல ஒரு ஓரம் மட்டும் மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஒன்பது தடவை எழுதியிருக்கான். ஒவ்வொரு வருஷமும் எழுதியிருக்கான்.

கைக்குட்டை இருக்கு, இருக்கு. பரவால்ல.

அந்தப் பையில பக்கவாட்டுல ஒரு ஜேபி உண்டு. நேத்துதான் கையை விட்டேன். ஒரு தீப்பெட்டி. மேல அந்தக் குதிரை வால் நூலு, அவன் உருவினானே, அதேதான், மெழுகு தடவி வச்சிருக்கான். கூட அவனோட வளைஞ்ச ஊசி. ஊசி குத்தாம இருக்க ஒரு காகிதத்துல சுத்தியிருந்துச்சு. அந்தக் காகிதம் என் கடுதாசி. நான்தான் எழுதினது. நம்ம மான் கம்பளத்தை நடுவுல வைக்கறாங்க, வந்து பாருன்னு. நம்மன்னு எழுதியிருக்கேன். அவன் வேற எப்படி எடுத்துப்பான்? தன் பாதியைத்தான் கேக்கறான்னு நினைச்சிருக்கான். ஒப்பந்தத்தையும் மீறி, எனக்காக, தைச்சுக் குடுக்கறதுக்குன்னு நூலு ஊசியோட தூக்கிட்டு வந்திருக்கான். வந்து பாத்தா அவன் இடத்துல ஒரு ஆட்டை வச்சுத் தைச்சு வச்சிருக்கேன்.

நீங்க அப்பவே கேட்டீங்க. நான்தான் குறுக்க பேசாதீங்கன்னுட்டேன். வத்தல் இல்ல தம்பி. அன்னைக்கு அந்தப் பையில வத்தல் இல்ல.

டீ ஆறிடுச்சு, வேற போடட்டுமா? வேணாமா.

சரி, வேலைக்கு வருவோம். டெல்லிப் பாதியைப் பிரிச்சுக் கொல்லையில வச்சிருக்கேன், அதைக் கொளுத்திடுங்க. இந்தப் பத்துக்கும் என்ன பண்ணணுமோ பண்ணுங்க. என் பாதிக்கு நீங்களே பாத்து மருந்து வைங்க. தேவா பாதி கிட்ட மட்டும் போகாதீங்க, அது கட்டில் மேல இருக்கு. நான் பாய்ல படுத்துக்கறேன். இப்பவே ரெண்டையும் சேத்து வைக்கலாமா? கூடாதா? எத்தனை நாளு? நாப்பது நாளா! முட்டை மிச்சம் இருந்தா அதுக்கும் பரவுமா? வேணாம் வேணாம், வேற வேற அறையிலயே இருக்கட்டும். ஒன்பது வருஷம் இருந்தாச்சு.

நாப்பதாம் நாள் என்ன கிழமை வருது பாருங்க. வியாழக்கிழமையா. அன்னைக்கு நீங்க வரணும். மருந்துக்கு இல்ல. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கிட்டு வாங்க, நாற்காலி எல்லாம் காலி பண்ணி வச்சிருப்பேன். அவன் நூலாலயே தைச்சுடலாம்னு இருக்கேன். ஒரு பக்கம் மான் இருக்கும், ஒரு பக்கம் மொட்டையா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். ஆனா இதுக்கு ரெண்டு ஆளு வேணும். எனக்கு இந்த ஊருல வேற யாரையும் தெரியாது.

கஷ்டமே இல்ல. இந்த மேசையைப் பக்கவாட்டுல நிமிர்த்திட்டு அதும்மேல கம்பளத்தைப் போட்டுடுவேன். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க, நான் இந்தப் பக்கம். உங்க முகம் எனக்குத் தெரியாது. நான் ரெண்டு தட்டு தட்டுவேன், ஊசி வரும். நீங்க வாங்கிட்டு ஒரு தட்டு தட்டணும். பேச வேண்டியதில்ல, அது போதும். ஆனா தட்டாம இருந்துடாதீங்க தம்பி. நீங்க தட்டலேன்னா, அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது.